சி டிரைவ் நிரம்பிவிட்டதா? முதலில் எதையும் அழிக்காதீர்கள்

கணினியில் 'திஸ் பிசி' பக்கத்தைத் திறக்கிறீர்கள். சி டிரைவின் பட்டை சிவப்பாக இருக்கிறது. கீழே, காலியாக இருப்பது 3 ஜிபிதான் என்று காட்டுகிறது. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய கணினி இன்று ஒரு வேர்டு ஆவணத்தைச் சேமிக்கவே தடுமாறுகிறது. இந்த நிலையில் பலரும் செய்யும் முதல் காரியம், கண்ணில் படுவதையெல்லாம் தேர்ந்தெடுத்து டெலீட் விசையை அழுத்துவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மொத்த இடத்தில் காலியாக இருப்பது பத்து விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் விண்டோஸ் அந்தப் பட்டையைச் சிவப்பாக்கும். அதற்கு மேல் அந்த நிறத்துக்குப் பொருள் இல்லை. அரை நாள் பொறுமையாக உட்கார்ந்தால், பெரும்பாலான கணினிகளைப் பைசா செலவில்லாமல் சரிசெய்துவிடலாம். அவசரத்தில் அழிந்துபோன குழந்தையின் பிறந்தநாள் படங்களையோ, ஒரு கடையின் மூன்று ஆண்டுக் கணக்கையோ திரும்பக் கொண்டுவருவதுதான் கடினம்.

இடம் எப்படிக் குறைந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சில்லுகளால் ஆன சேமிப்பகம்) உள்ள மடிக்கணினி என்று சொல்லி வாங்கியிருப்பீர்கள். விண்டோஸ் அதை 238 ஜிபி என்றுதான் காட்டும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. தயாரிப்பாளர்கள் நூறு கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறார்கள். விண்டோஸ் ஏறக்குறைய 107 கோடி பைட்டை ஒரு ஜிபி என்று எண்ணுகிறது. அதனால்தான் 512 என்பது 476 ஆகவும், 1 டிபி என்பது 931 ஜிபி ஆகவும் தெரிகின்றன. அந்த 238-இல் விண்டோஸ் 11-உம் அதன் புதுப்பிப்புகளும் சேர்ந்து 25 முதல் 40 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். புதிதாக விண்டோஸ் நிறுவிய கணினிகளில், அடுத்த புதுப்பிப்புக்கென்று சுமார் 7 ஜிபி தனியாக ஒதுக்கியும் வைக்கப்படுகிறது.

நம் ஊரில் இதற்கு மேல் இன்னொரு காரணமும் உண்டு. கணினி விற்கும் கடைகளில், கேட்டாலும் கேட்காவிட்டாலும் வட்டைச் சி, டி என்று பார்டிஷன் (ஒரே வட்டை எல்லை போட்டுப் பிரித்த பகுதி) செய்து கொடுக்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. 238 ஜிபியில் சி-க்கு 100, டி-க்கு மீதி. சில ஆண்டுகளில் சி நிரம்பி மூச்சுத்திணறும். டி பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும். உங்கள் கணினியும் இப்படித்தான் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இருந்தால் உங்களுக்கு வேண்டியது அழிப்பதல்ல, இடம் மாற்றுவது. அதற்கான முறையைக் கீழே சொல்கிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். டெஸ்க்டாப் என்பது திரையின் முகப்பு மட்டுமல்ல, அது சி டிரைவுக்குள் இருக்கும் ஒரு கோப்புறை. டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவையும் அப்படியே. கல்யாண வீடியோவைப் பென்டிரைவிலிருந்து டெஸ்க்டாப்புக்கு நகல் எடுத்து வைப்பவர்கள், அது சி டிரைவில் உட்கார்ந்திருப்பதை அறிவதில்லை. ஐபோனில் 4கே தரத்தில், நொடிக்கு 30 சட்டம் என்ற அளவில் எடுக்கும் காணொளி, சிக்கனமான வடிவத்திலேயே நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி பிடிக்கும். ஒரு மணி நேரப் பதிவு என்றால் 10 ஜிபி போயிற்று.

அறிகுறிகள்

சமையல் மேடை முழுக்கப் பாத்திரங்களை அடுக்கிவிட்டால் காய் நறுக்க இடமிருக்காது. இயங்குதளத்துக்கும் வேலை செய்ய அப்படியொரு காலி இடம் வேண்டும். ரேம் போதாதபோது பேஜ்ஃபைல் (ரேமில் அடங்காததை வட்டில் வைக்கும் கோப்பு) பெருக வேண்டும். உலாவி தன் தற்காலிகக் கோப்புகளை எழுத வேண்டும். புதுப்பிப்பு இறங்கி விரிய வேண்டும். இடமில்லாதபோது உலாவியின் தத்தல்கள் (டேப்) திடீரென மூடிக்கொள்ளும், அச்சுக்கு அனுப்பிய பக்கம் வராது, கணக்கு மென்பொருள் பதிவைச் சேமிக்காமல் பிழை காட்டும். விண்டோஸ் புதுப்பிப்பு பாதியில் நின்று 0x80070070 என்ற பிழை எண் வந்தால் அதற்குப் பொருள் ஒன்றுதான்: வட்டில் இடமில்லை. எஸ்எஸ்டி நிரம்ப நிரம்ப அதன் எழுதும் வேகமும் குறையும். ஆகவே சி டிரைவில் எப்போதும் 15 முதல் 20 விழுக்காடு, அல்லது குறைந்தது 25 ஜிபி காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மெதுவாக ஓடும் கணினியெல்லாம் இடமில்லாத கணினி அல்ல. 80 ஜிபி காலியாக இருந்தும் கோப்புகள் திறக்க நிமிடக்கணக்கில் ஆகிறது, பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்ற ஒலி வருகிறது, நகல் எடுக்கும்போது நடுவில் பிழை வருகிறது என்றால் வட்டே பழுதாகிக்கொண்டிருக்கலாம். அப்போது சுத்தம் செய்வதில் இறங்க வேண்டாம். முக்கியமானவற்றை உடனே வேறொரு வட்டுக்கு நகல் எடுப்பதே முதல் வேலை. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் வட்டின் உடல்நிலையைக் காட்டும். அதில் 'காஷன்', 'பேட்' என்று வந்தால் வட்டை மாற்றத் தயாராகுங்கள்.

அழிக்கும் முன் ஒரே ஒரு கேள்வி

ஒவ்வொரு கோப்பைப் பார்க்கும்போதும் 'இது மீண்டும் கிடைக்குமா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். கணினியே திரும்ப உண்டாக்கிக்கொள்ளும் கோப்புகள் சில. உலாவியின் கேஷ் (விரைவாகத் திறப்பதற்காகச் சேர்த்துவைத்த நகல்), படங்களின் சிறுவுருக்கள், புதுப்பிப்பின் மிச்சங்கள் இந்த வகை. இவை போனால் நட்டமில்லை. இணையத்திலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடியவை இரண்டாவது வகை: மென்பொருள் நிறுவல் கோப்புகள், விளையாட்டுகள், டெலிகிராமில் வந்த காணொளிகள். இவை போனால் நேரமும் டேட்டாவும் செலவாகும். மூன்றாவது வகை உங்களிடம் மட்டுமே இருப்பவை. படங்கள், கணக்குகள், ஆய்வேடு, எழுத்து, ஸ்கேன் செய்த பத்திரங்கள். மூன்றாவது வகையை எக்காரணம் கொண்டும் 'இடம் வேண்டும்' என்பதற்காக அழிக்காதீர்கள்; இடம் மாற்றுங்கள். நான் பார்த்தவரை, வருந்தும்படி ஆன எல்லா நிகழ்வுகளிலும் இந்த மூன்றாவது வகைதான் முதலிரண்டோடு சேர்ந்து போயிருக்கிறது.

எஸ்எஸ்டி வந்த பிறகு இந்த எச்சரிக்கை இன்னும் அவசியமாகிவிட்டது. பழைய ஹார்டு டிஸ்க்கில் ஒரு கோப்பை அழித்தால், அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை தரவு அங்கேயே கிடக்கும். மீட்பு மென்பொருளால் பெரும்பாலும் எடுத்துவிடலாம். எஸ்எஸ்டியில் டிரிம் (அழித்த இடங்களை வட்டே வெறுமையாக்க விண்டோஸ் தரும் ஆணை) என்ற ஏற்பாடு இயல்பாகவே இயங்குகிறது. ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டால் மீட்பது ஏறக்குறைய இயலாத காரியம். பென்டிரைவில் அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்கே போகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எது இடத்தைத் தின்கிறது என்று பார்த்தல்

விண்டோஸ் விசையையும் 'ஐ' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். அதில் சிஸ்டம், பிறகு ஸ்டோரேஜ். சி டிரைவில் எது எவ்வளவு என்று வகைவாரியாகப் பட்டைகள் தெரியும். கீழே உள்ள 'ஷோ மோர் கேட்டகரீஸ்' என்பதையும் அழுத்துங்கள். இதுவே பாதி விடையைத் தந்துவிடும். 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' என்ற வரியை அழுத்தினால் மென்பொருள்களை அளவின்படி வரிசைப்படுத்திப் பார்க்கலாம். இரண்டு ஆண்டுகளாகத் திறக்காத விளையாட்டு ஒன்று 60 ஜிபியோடு அங்கே இருந்தால் உங்கள் சிக்கல் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

இதைவிட நுணுக்கமாகப் பார்க்க விண்டிர்ஸ்டாட், விஸ்ட்ரீ என்று இரண்டு மென்பொருள்கள் உள்ளன. விண்டிர்ஸ்டாட் திறமூல மென்பொருள். விஸ்ட்ரீ சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம். இரண்டும் வட்டில் உள்ள ஒவ்வொரு கோப்புறையையும் அளவின்படி அடுக்கி, பெரிய கோப்புகளைப் பெரிய கட்டங்களாகப் படம் போட்டுக் காட்டும். வலப்பொத்தானை அழுத்தி 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறந்தால், மறைந்திருக்கும் கோப்புகளும் கணக்கில் வரும். இவற்றின் உள்ளிருந்தபடியே அழிக்கவும் முடியும் என்பது ஓர் ஆபத்து. இவற்றைப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். பெரிய கட்டம் விண்டோஸ் கோப்புறைக்குள் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

பார்க்கும்போது வழக்கமாகச் சிக்குகிறவை சில. டவுன்லோட்ஸ் கோப்புறையில் ஒரே பிடிஎஃப் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று நான்கு நகல்கள். டெலிகிராம் கணினிச் செயலி இறக்கியவை, அதே டவுன்லோட்ஸுக்குள் 'டெலிகிராம் டெஸ்க்டாப்' என்ற பெயரில் தனிக் கோப்புறையாக. ஐடியூன்ஸ் வழியாக எப்போதோ எடுத்த ஐபோன் பேக்கப், யாரும் திறந்து பார்க்காத ஆப்டேட்டா என்ற மறைந்த கோப்புறையில். கல்யாண வீடியோ தொகுப்பவர்கள், யூடியூப் காணொளி தயாரிப்பவர்கள் வீட்டில் அடோபி பிரீமியரின் மீடியா கேஷ் தனியாக வளர்ந்திருக்கும். அதை அந்த மென்பொருளின் 'பிரிஃபரன்சஸ்' வழியாகவே அழிக்கலாம், அங்கேயே டி டிரைவுக்கும் மாற்றலாம். பொறியியல் மாணவர்களின் மடிக்கணினிகள் தனிக் கதை. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ நிறுவிப் பாடம் முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். அதன் எமுலேட்டர் (கணினிக்குள் ஓடும் பொய்க் கைப்பேசி) ஒவ்வொன்றும் பல ஜிபி. முதல் ஆண்டில் உருவாக்கியது இறுதியாண்டுவரை அப்படியே இருக்கும். லினக்ஸ் கற்பதற்காக விண்டோஸுக்குள் நிறுவிய டபிள்யூஎஸ்எல், டோக்கர் போன்றவற்றின் வட்டுக் கோப்பு, உள்ளே கோப்புகளை அழித்தாலும் தானாகச் சுருங்காது என்பதும் பலருக்குத் தெரியாது.

விண்டோஸ் தன் குப்பையைத் தானே அள்ளட்டும்

அழிப்பதில் முதலில் தொட வேண்டியது விண்டோஸின் சொந்த மிச்சங்களை. அதே ஸ்டோரேஜ் பக்கத்தில் 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்ற வரியைத் திறந்தால் ஒரு பட்டியல் வரும். விண்டோஸ் அப்டேட் கிளீனப், டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல்ஸ், தம்ப்நெயில்ஸ், டெம்பரரி இன்டர்நெட் ஃபைல்ஸ் ஆகியவற்றைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். இரண்டு இடங்களில் மட்டும் நின்று நிதானியுங்கள். பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்ற பெயரும் இருக்கும். அது உங்கள் டவுன்லோட்ஸ் கோப்புறை முழுவதும்; உள்ளே வங்கி அறிக்கையும் இருக்கலாம், மகளின் மதிப்பெண் சான்றிதழும் இருக்கலாம். அதைத் தேர்வு செய்யாதீர்கள். 'ரீசைக்கிள் பின்' என்பதையும் ஒருமுறை திறந்து பார்த்த பிறகே தேர்வு செய்யுங்கள்.

அண்மையில் விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறியவர்கள் இந்தப் பட்டியலில் 'பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்று ஒன்றைக் காண்பார்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்ததையொட்டிப் பலரும் மாறியதால் இது இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. பழைய விண்டோஸ் முழுவதும் ஒரு கோப்புறையில் எடுத்துவைக்கப்பட்டிருக்கும். 20 ஜிபிக்கு மேலும் இருக்கக்கூடும். மாறிய பத்து நாட்களுக்குள் பழையதற்கே திரும்பிப் போக விரும்பினால் அது தேவை. அச்சுப்பொறி, கணக்கு மென்பொருள், மின்னணுக் கையொப்பக் கருவி எல்லாம் புதியதில் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று ஒரு வாரம் பாருங்கள். ஓடினால் இந்தப் பட்டியல் வழியாகவே அதை நீக்குங்கள். விட்டுவைத்தாலும் பத்து நாளுக்குப் பிறகு விண்டோஸ் தானே நீக்கிவிடும்.

அதே பக்கத்தில் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' என்ற வசதியும் உண்டு. அதை இயக்கிவிட்டால் தற்காலிகக் கோப்புகளையும் ரீசைக்கிள் பின்னில் 30 நாளைத் தாண்டியவற்றையும் அவ்வப்போது தானே அகற்றும். பயனுள்ள வசதிதான். ஆனால் ரீசைக்கிள் பின்னைப் பெட்டகம் போலப் பயன்படுத்தி, வேண்டிய கோப்புகளை அதிலேயே போட்டுவைக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், முதலில் அவற்றை வெளியே எடுத்துவிட்டு இதை இயக்குங்கள். டவுன்லோட்ஸ் என்ற தேர்வு 'நெவர்' என்றே இருக்கட்டும்.

ஹைபர்னேஷன் (கணினியின் நிலையை வட்டில் எழுதிவைத்து மின்சாரத்தை நிறுத்தும் முறை) என்பதற்கான மறைந்த கோப்பு ஒன்று, வழக்கமாக ரேம் அளவில் 40 விழுக்காடு இடத்தைப் பிடித்திருக்கும். 16 ஜிபி ரேம் என்றால் சுமார் 6 ஜிபி. மேசைக்கணினியில் இதைப் பயன்படுத்துவோர் குறைவு, அங்கே நிறுத்திவிடலாம். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் சிஎம்டி என்று தட்டி, நிர்வாகி உரிமையோடு திறந்து, 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி என்ற எழுத்துகளை ஒட்டி எழுதுங்கள். ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் ஹெச் எழுத்தும். மறுபடி ஓர் இடைவெளி விட்டு 'ஆஃப்'. என்டர் அழுத்தினால் அந்தக் கோப்பு நீங்கிவிடும். கணினி சற்று மெதுவாகத் தொடங்கும், ஏனென்றால் விரைவுத் தொடக்க வசதியும் அதையே நம்பியிருக்கிறது. மடிக்கணினியில் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. மின்கலம் வற்றும் வேளையில் திறந்திருக்கும் உங்கள் வேலையைக் காப்பாற்றுவது அந்தக் கோப்புதான்.

உங்கள் கோப்புகளை டி டிரைவுக்கு மாற்றுதல்

டி டிரைவில் இடம் இருப்பவர்களுக்கு நிலையான தீர்வு இதுதான். டவுன்லோட்ஸ் கோப்புறையில் வலப்பொத்தானை அழுத்தி 'பிராப்பர்ட்டீஸ்', அதில் 'லொகேஷன்' என்ற தத்தலுக்குப் போய் 'மூவ்' என்பதை அழுத்துங்கள். முன்கூட்டியே டி டிரைவுக்குள் 'டவுன்லோட்ஸ்' என்ற பெயரில் ஒரு புதிய கோப்புறை உருவாக்கி, அதையே காட்ட வேண்டும். டி டிரைவையே நேரடியாகக் காட்டிவிட்டால், அந்த டிரைவ் முழுவதையும் விண்டோஸ் டவுன்லோட்ஸ் கோப்புறையாகக் கருதத் தொடங்கும். பிறகு பிரித்தெடுப்பது பெரும் பாடு. பழையவற்றையும் நகர்த்தவா என்று கேட்கும்போது 'யெஸ்' சொல்லுங்கள். வீடியோஸ், பிக்சர்ஸ், டாக்குமென்ட்ஸ் ஆகியவற்றையும் இதே முறையில் மாற்றலாம். ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பகம்) அந்தக் கோப்புறைகளைப் பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தால், முதலில் அதன் அமைப்புகளில் பேக்கப்பை நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையைக் கட் செய்து டி டிரைவில் ஒட்டும் வேலையை மட்டும் செய்துவிடாதீர்கள். மென்பொருள்கள் தாம் நிறுவப்பட்ட முகவரியை ஆயிரம் இடங்களில் எழுதிவைத்திருக்கும். நகர்த்தினால் எதுவும் திறக்காது. பெரிய மென்பொருளை டி-க்குக் கொண்டுபோக வேண்டுமானால், அதை நீக்கிவிட்டு, மறுபடி நிறுவும்போது டி டிரைவைக் காட்டுவதே வழி. ஸ்டீம் போன்ற விளையாட்டுத் தளங்களில் மட்டும் நகர்த்துவதற்கென்றே தனி வசதி இருக்கிறது.

டாலி பயன்படுத்தும் கடைக்காரர்களும் கணக்காளர்களும் இந்தப் பத்தியை இருமுறை படியுங்கள். டாலி பிரைம் தன் தரவை இயல்பாகச் சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் பப்ளிக், அதற்குள் டாலி பிரைம், அதற்குள் டேட்டா என்ற கோப்புறையில் வைக்கிறது. 'பப்ளிக்' என்ற பெயரைப் பார்த்து, யாருக்கும் வேண்டாத பொதுக் கோப்புறை என்று நினைத்து அழித்துவிட வாய்ப்பிருக்கிறது. எண்ணெழுத்தாகப் பெயரிட்ட சிறு கோப்புகள்தாம் உள்ளே தெரியும். பார்த்தால் முக்கியமானவை போலவே இருக்காது. அதுதான் உங்கள் நிறுவனத்தின் முழுக் கணக்கு. டாலியின் பேக்கப் கட்டளை வழியாக வெளிவட்டில் நகல் எடுத்து, அதை ரெஸ்டோர் செய்து திறந்து பார்த்த பிறகே மற்ற வேலை.

வெளிவட்டுக்கு மாற்றுகிறவர்கள் 'கட்' செய்யாமல் 'காப்பி' செய்யுங்கள். முடிந்ததும் வெளிவட்டில் உள்ள கோப்புகளில் சிலவற்றைத் திறந்து பாருங்கள், இரு பக்கத்து மொத்த அளவும் எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள், பிறகே சி டிரைவில் இருப்பதை அழியுங்கள். வெளிவட்டில் மட்டும் ஒரே ஒரு நகல் இருந்தால் அது பேக்கப் ஆகாது. வட்டு கீழே விழுந்தால் எல்லாம் போய்விடும். குடும்பப் படங்களுக்குக் குறைந்தது இரண்டு இடங்கள் வேண்டும், அவற்றில் ஒன்று வேறு வீட்டிலோ இணையத்திலோ இருந்தால் நல்லது. பென்டிரைவை நீண்டகாலச் சேமிப்புக்கு நம்ப வேண்டாம். மிகக் குறைந்த விலையில் '2 டிபி பென்டிரைவ்' என்று விற்கப்படுபவற்றில் போலிகள் நிறைய. சில ஜிபிதான் உண்மையில் இருக்கும். மீதியை எழுதியதாகக் காட்டிவிட்டுத் தொலைத்துவிடும். 4 ஜிபியைத் தாண்டிய காணொளி பென்டிரைவில் ஏற மறுத்தால் அது பழைய ஃபேட்32 வடிவமைப்பின் எல்லை, பழுதல்ல. உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்துவைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் வடிவமைப்புக்கு மாற்றினால் ஏறும்.

ஒன்டிரைவ் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு சொல். அந்தக் கோப்புறையில் ஒன்றை அழித்தால் இணையத்திலும் அழியும், அதோடு இணைந்த மற்றக் கணினிகளிலும் அழியும். சொந்தக் கணக்கு என்றால் இணையத்தில் உள்ள ரீசைக்கிள் பின்னில் 30 நாள் இருக்கும், அவ்வளவே. கணினியில் மட்டும் இடம் வேண்டுமென்றால் கோப்பின் மேல் வலப்பொத்தானை அழுத்தி 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்பு இணையத்தில் பத்திரமாக இருக்கும், பெயர் மட்டும் இங்கே தெரியும், வேண்டும்போது இறங்கிக்கொள்ளும்.

குறுக்குவழிகள்

'ரன்' பெட்டியில் டெம்ப், பிரிஃபெட்ச், ரீசென்ட் என்று தட்டி வருவதையெல்லாம் தினமும் அழித்தால் கணினி பறக்கும் என்று சொல்லும் காணொளிகள் ஏராளம். டெம்ப் கோப்புறையை எப்போதாவது காலி செய்வதில் தவறில்லை. பிரிஃபெட்ச் என்பது மென்பொருள்கள் விரைவாகத் திறக்க விண்டோஸ் எடுத்துவைக்கும் குறிப்பு; மொத்தமே சில எம்பிதான். அதை அழித்தால் இடமும் கிடைக்காது, திறக்கும் வேகமும் குறையும்.

விண்டோஸ் கோப்புறைக்குள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்று ஒன்று பல ஜிபியாகத் தெரிவதைப் பார்த்து அழிக்க முயல்வோர் உண்டு. அதிலுள்ள கோப்புகள் பலவும் வேறு இடத்திலும் அதே கோப்பாகவே பதிவாகியிருப்பதால், காட்டும் அளவு உண்மையைவிட அதிகம். அதைக் கையால் அழித்தால் விண்டோஸ் எழுந்திருக்காமலே போகலாம். 'இன்ஸ்டாலர்' என்ற கோப்புறையும் அப்படியே. அது இல்லாவிட்டால் ஆபீஸ் போன்ற மென்பொருள்களைப் புதுப்பிக்கவோ நீக்கவோ முடியாமல் போகும். டிரைவின் பிராப்பர்ட்டீஸில் 'கம்ப்ரஸ் திஸ் டிரைவ்' என்ற தேர்வு கண்ணில் படும். சி டிரைவில் அதைத் தொடாதீர்கள். கணினியைத் தொடக்கும் கோப்பே சுருக்கப்பட்டு, மறுமுறை இயக்கும்போது கறுப்புத் திரையில் பிழைச் செய்தியோடு நின்றுவிட்ட கணினிகள் உண்டு.

'கிளீனர்' என்ற பெயரில் வரும் மென்பொருள்களை நான் பரிந்துரைப்பதில்லை. ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புகள் பதிவேடு) சுத்தம் செய்வதால் கிடைக்கும் இடம் ஒன்றுமில்லை. தவறினால் மென்பொருள்கள் முடங்கும். சிகிளீனர் போன்ற உலகறிந்த மென்பொருளிலேயே 2017-இல் 5.33 பதிப்பில் தீநிரல் புகுத்தப்பட்டது. அந்தப் பதிப்பு 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே தெரிந்தது. விண்டோஸிலேயே உள்ள வசதி போதும் எனும்போது இந்த ஆபத்து எதற்கு?

ரேம் கூட்டினால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். ரேம் வேறு, சேமிப்பகம் வேறு. 8 ஜிபி ரேமை 16 ஆக்கினால் வேகம் கூடலாம். ஆனால் ஹைபர்னேஷன் கோப்பும் வளர்ந்து சி டிரைவில் இடம் இன்னும் குறையும்.

'ஃபார்மேட் போட்டுடலாம் சார்' என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய குறுக்குவழி. வட்டு நிரம்பியதற்கு ஃபார்மேட் மருந்தல்ல. டெஸ்க்டாப்பில் இருந்த படங்களும், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களும், உரிமத்தோடு வாங்கிய மென்பொருள்களும் போய், அதே பழக்கங்களோடு அடுத்த ஆண்டு மறுபடி நிரம்பும். கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், நகல் எடுத்து முடித்த பிறகு கொடுங்கள். எந்த எந்தக் கோப்புறை வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

இவ்வளவும் செய்து தீராவிட்டால்

இடம் சில நாட்களிலேயே ஜிபி கணக்கில் கரைந்தால் குப்பை காரணமாக இராது. இணையச் சேமிப்பகம் உங்கள் எல்லாக் கோப்புகளையும் கணினிக்கு இறக்கிக்கொண்டிருக்கலாம், ஏதோ ஒரு மென்பொருள் பிழைப் பதிவை ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கலாம், தீநிரலாகவும் இருக்கலாம். விஸ்ட்ரீயில் இன்றைய படத்தையும் நாளைய படத்தையும் ஒப்பிட்டால் எது வளர்கிறது என்று தெரியும். மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரில் முழுச் சோதனை ஒன்றும் ஓட்டிவிடுங்கள்.

சி-யையும் டி-யையும் சேர்த்து ஒன்றாக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியும். ஆனால் விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' வழியாகச் செய்ய, சி-க்கு வலப்பக்கம் ஒட்டியே ஒதுக்கப்படாத இடம் இருக்க வேண்டும். டி-யை முழுவதும் காலி செய்து நீக்க வேண்டும். நடுவில் ரெகவரி பார்டிஷன் குறுக்கே நின்றால் விரிவாக்கும் தேர்வு மங்கலாகவே இருக்கும். எல்லைகளை நகர்த்தும் வெளி மென்பொருள்கள் உள்ளன. வேலை நடுவில் மின்சாரம் போனால் இரண்டு டிரைவும் போகலாம். வட்டு பிட்லாக்கரால் (வட்டு முழுவதையும் பூட்டும் மறையாக்கம்) பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்பு எண் கையில் இருப்பது கட்டாயம். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். இந்த வேலையை முழு நகல் எடுக்காமல் யாரும் தொட வேண்டாம்.

உண்மையிலேயே எல்லாம் தேவையான கோப்புகள்தாம், வட்டுதான் சிறியது என்ற முடிவுக்கு வந்தால், பெரிய எஸ்எஸ்டி வாங்குவதே நேர்வழி. வாங்கும் முன் உங்கள் மடிக்கணினியின் மாதிரி எண்ணைக் கொண்டு அது ஏற்கும் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள். சிலவற்றில் இரண்டாவது எஸ்எஸ்டிக்கே இடம் இருக்கும்; விலை குறைந்த சிலவற்றில் சேமிப்பகம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. மாற்றும்போது பழைய வட்டைக் குளோன் (அச்சு மாறாத முழு நகல்) செய்து தரச் சொல்லுங்கள், விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டியதில்லை. பழைய வட்டைக் கடையில் விட்டுவராமல் கேட்டு வாங்கி, புதியது ஒரு மாதம் ஒழுங்காக ஓடும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.

புதிதாகக் கணினி வாங்கப்போகிறவர்கள் 512 ஜிபிக்குக் குறைந்து வாங்க வேண்டாம். கடையில் வட்டைப் பிரிக்காமல் ஒரே சி டிரைவாக விடச் சொல்லுங்கள். விண்டோஸ் பழுதானாலும் டி-யில் இருப்பவை தப்பிக்கும் என்பார்கள். அது ஓரளவு உண்மைதான். ஆனால் வட்டே பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். பாதுகாப்புக்கு வெளிவட்டு ஒன்றைத் தனியாக வாங்கி, மாதம் ஒருமுறை அதில் நகல் எடுங்கள்.